இரண்டு சாமிக்கு ஒரு சடை

எனக்கு எட்டு வயது இருக்கும்போது என் ஒரு சடைக்கு இரண்டு சாமிகள் காத்திருந்தார்கள்.

அந்த வருஷம் விஷக்காய்ச்சல் வந்து நான் பிழைத்தேன். நினைவில்லாமல் கிடந்தபோது அம்மா வீட்டுக்குப் பின்புறம் போய், தூரத்தில் தெரிந்த திருத்தணி மலையைப் பார்த்து, பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் ஆடி முடிவதற்குள் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அதே வேளையில் வாசல் பக்கம் நின்று அத்தை திருப்பதிப் பெருமாளிடம் அதையே வேண்டியிருக்கிறாள். ஒருத்தி வேண்டியது மற்றவளுக்குத் தெரியாது. நான் எழுந்து கஞ்சி கேட்ட அன்றுதான் இரண்டும் வெளியே வந்தன.

அத்தை நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அக்கா. அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"மருமகன் பக்கத்துலதான கீறாரு, அப்பறம் பாத்துக்கலாம். மாமன் மொதல்ல வாங்கிக்கட்டும்" என்றாள். முருகனுக்குப் பெருமாள் மாமன் முறை அல்லவா?

நைனா தறியை விட்டு எழாமலே, "மாமனும் மருமகனும் அவங்களுக்குள்ள பேசி முடிச்சிக்கட்டும், நமக்கு இன்னா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சொன்ன மாதத்தில் சொன்னபடி செய்யாவிட்டால் போன காய்ச்சல் திரும்பி வரும் என்று அவளுக்குப் பயம். புரட்டாசியில் திருப்பதி என்று முடிவானது. நடுவில் ஆடி வந்து பாதி போய்விட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் அம்மா என்னை எழுப்பித் தலைவாரிப் பின்னினாள். "கோயிலுக்குப் போய்ட்டு வந்துடறோம்" என்று நைனாவிடம் சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் பஸ்ஸுக்குப் போகவில்லை. பஸ் நிற்கிற இடத்தில்தான் அத்தை வீட்டு மாமா டீக்கடை வைத்திருந்தார். அதனால் தறித் தெருவின் பின்பக்கமாக இறங்கி ஒற்றையடிப் பாதையைப் பிடித்தோம்.

தெருவை விடும்வரை சாயத்தண்ணீர் ஓடும் கால்வாய் கூடவே வந்தது. அன்றைக்கு நீலம். பிறகு ஏரிக்கரை, கரை நெடுகப் பனைமரம். கரைமேல் ஏறினால் எதிரே மலை தெரிந்தது. இறங்கி வேர்க்கடலைக் கொல்லைக்குள் நடந்தால் காணாமல் போனது. வரப்புப் புல்லின் ஈரம் காலை நனைத்தது. காய்ச்சலுக்குப் பிறகு நான் அவ்வளவு தூரம் நடந்ததே இல்லை. அம்மா கொஞ்ச தூரம் தூக்குவாள், கொஞ்ச தூரம் இறக்கிவிடுவாள். எங்கே போகிறோம் என்று தெரிந்தும் எனக்குத் தும்பி பிடிக்கிற வேலைதான் பெரிதாக இருந்தது.

காய்ப்பு ஓய்ந்த மாந்தோப்பு ஒன்று நடுவில் வரும். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "எங்கம்மா, கொயந்தய இட்டுகினு இவ்ளோ தூரம்?" என்று கேட்டாள். தெருவில் யாரோடும் வாய் திறக்காத அம்மா, முன்பின் தெரியாத அவளிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "ஒரு தலைக்கு ரெண்டு சாமியா? பாதி இங்க வழிச்சிடு, பாதி அங்க வழிச்சிடு. தகராறு தீந்துச்சி, போ!"

எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. பாதி மொட்டையோடு பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி கண்ணுக்குத் தெரிந்தது. சடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எய்ந்திரு கண்ணு" என்றாள் அம்மா.

"நா வரல. இங்கியே குடுத்துட்டா பெருமாளுக்கு இன்னாத்த குடுப்ப? அத்த பொய் சொன்னவளா ஆயிடாதா?"

அத்தைமேல் எனக்கு ஒன்றும் அவ்வளவு அக்கறை இல்லை. சடை பிழைத்தால் போதும். ஆனால் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டு அப்படியே நின்றாள். கோபப்படவில்லை. "அதான" என்றாள். பிறகு என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். சீத்தாப்பழப் புதர்களைத் தாண்டத் தாண்ட மலை பெரிதாகிப் பெரிதாகி எதிரே வந்து நின்றது.

அம்மாவின் கூந்தல் எங்கள் தெருவில் பேர்போனது. வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தால், "உன் முடியப் பாவு போட்டா ஒரு பொடவ நெய்ஞ்சிடலாம்" என்பார் நைனா. புருஷன் இருக்கிற கட்டுக்கழுத்திகள் சாமிக்கு முடி கொடுப்பதென்றால் எங்களில் மூன்று விரல் அளவுக்கு நுனியில் வெட்டிக் கொடுப்பதோடு சரி.

மலையடிவாரத்துக் குளக்கரையில் மொட்டை போடுகிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். அம்மா கொண்டையை அவிழ்த்து, தானே மணையில் உட்கார்ந்தாள்.

"ஊட்ல சொல்லிட்டியாம்மா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

"சாமிகிட்ட சொல்லிட்டேன். நீங்க போடுங்க."

தப்பித்த சந்தோஷத்தில் நான் படிக்கட்டில் ஏறி இறங்கி விளையாடினேன். சந்தனம் பூசிய தலையோடு அம்மா எழுந்தபோது கைகொட்டிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

தரிசனம் முடிந்து இறங்குகையில் எப்போதும்போல இரண்டு முழம் மல்லிகை வாங்கினாள். ஒன்றை எனக்கு வைத்தாள். அடுத்ததை எடுத்துக்கொண்டு அவள் கை தன் தலைக்குப் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கி வந்து அதையும் என் சடையிலேயே சுற்றியது. முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு, வந்த பாதையிலேயே திரும்பினோம். தரிசனத்தில் அடம்பிடிக்காமல் நின்றதற்குத்தான் எனக்கு இரண்டு பங்கு என்று நினைத்தேன்.

பொழுது சாய வீட்டுக்குள் நுழைந்தோம். அத்தை வந்து காத்திருந்தாள். என் சடையைப் பார்த்து முகம் மலர்ந்தவள், அம்மாவின் முக்காடு சரிந்ததும் வாயில் கைவைத்துக்கொண்டாள். உள்ளே தறிச் சத்தம் நின்றது. நைனா தறிக்குழியிலிருந்து ஏறி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

நான் அவர்கள் நடுவில் போய் நின்று முதுகைக் காட்டினேன். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பினேன். இவ்வளவு பூ வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன், ஏன் ஒருவரும் பார்க்கமாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.