நான்காம் நாள் பத்திரிகை

கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனியில் இரவு வேலை முடிந்து வந்த மகன், “கோல்ஃப்ல யாரு ஜெயிச்சான்னு சொல்லிராதம்மா, இனிமேதான் பாக்கணும்” என்றான். நான் காலைப் பத்திரிகையில் படித்திருந்தேன். அதை மடித்து மேசைக்கு அடியில் தள்ளினேன்.

சுதந்திரம் வந்த புதிது. எனக்கு ஒன்பது வயது. அப்பா கோல்ஃப் கிளப்பில் குமாஸ்தா. லண்டன் பத்திரிகைகள் கப்பலேறி, ஒரு மாதம் கழித்து, ஈரம் மணக்கக் கிளப்புக்குக் கட்டாக வரும்; அப்பா வீட்டுக்கு எடுத்துவருவார். பெரிய போட்டியின் நான்கு நாள் செய்தியை அப்பாவும் பக்கத்து வீட்டுக் குரியன் சாரும் ஒரு மாலைக்கு ஒரு பத்திரிகை என்றுதான் பிரிப்பார்கள். அதுவரை யார் முடிவைச் சொன்னாலும் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் செய்தியில் அப்பாவுக்குப் பிடித்த ஆட்டக்காரன் முன்னால் இருந்தான். மறுநாள் காலை, பல் தேய்க்குமுன் நான் நான்காவதைத் திருட்டுத்தனமாகப் பிரித்தேன். அவன் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தோற்றிருந்தான்.

மாலையில் குரியன் சார் அப்பாவிடம், “பிள்ளே, கடலோர மைதானமல்லே? காத்தடிச்சா உங்க ஆளோட பந்து மணல்லதான் கெடக்கும்” என்றார்.

“மழை பெஞ்ச புல்லு சாரே, பந்து நல்லா நிக்கும். நம்ம ஆளுதான்!” அப்பா தொடையைத் தட்டினார்.

நான்காவதைப் பிரித்தார். குரல் மாறாமல் கடைசி வரி வரை வாசித்தார். சார் போனதும் என்னைப் பார்த்துச் சொன்னார்: “காலையில நீ தோசையத் தொடாம எழும்பினப்பவே தெரிஞ்சுபோச்சு, மக்ளே.”

மகன் குளித்துவிட்டுச் சாப்பிட வந்து எதிரே உட்கார்ந்தான். நான் என் தட்டில் நாலு தோசை போட்டுக்கொண்டேன்.