தம்பியின் மண் பிள்ளை

அம்மா இறந்து வருசம் திரும்பிய பிறகு, இந்தப் பங்குனி உத்திரத்துக்குத்தான் நானும் தம்பியும் சாஸ்தா கோயிலுக்குப் போனோம். காட்டுக்குள் ஏற்றமே இல்லாத பாதை. இரண்டு பக்கமும் நேர்ச்சைக்கு வைத்த மண்குதிரைகள், மண்நாய்கள். மருத மரத்தடியில் தம்பியின் மண் பிள்ளையைப் பார்த்ததும் எனக்குப் பழைய பொறாமை வந்துவிட்டது.

கைக்குழந்தையாக இருந்தபோது தம்பி காய்ச்சலில் கிடந்து பிழைத்தான். அதற்காக அம்மா வைத்த பொம்மை அது. வருசாவருசம் அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து, முந்தானையை நனைத்து முகத்தைப் பையத் துடைப்பாள். நான் பக்கத்தில் வேர்த்து வழிந்து நிற்பேன்.

"எம்மா, எனக்கு எங்க பொம்ம?"

"ஒனக்கு என்னட்டி கொள்ள? கல்லு கணக்கா இருக்க. நேர்ச்ச எதுக்கு?"

எனக்கும் காய்ச்சல் வரட்டும் என்று சாஸ்தாவிடம் வேண்டினேன். வரவில்லை.

அம்மா துடைத்துத் துடைத்து இப்போது பொம்மைக்கு மூக்கே தேய்ந்துவிட்டது. என் மூக்கு அப்படியே இருக்கிறது.

"எக்கா, அம்மா சேலதான கட்டியிருக்க. நீயே தொடச்சு விடு," என்றான் தம்பி.

முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டேன். அவன் முன்னால் நடந்த பிறகு, அதே ஈர முந்தானையால் என் முகத்தையும் துடைத்துக்கொண்டேன்.