அடப்பங்கொடியைப் பார்க்கப் போன காலை

சாந்தோமிலிருந்து பாலவாக்கம் பத்து கிலோமீட்டர் சொச்சம். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அரை நாளுக்குக் கார் வாடகை ஆயிரத்து எண்ணூறு. ஏசி போட்டால் தனி என்றார் ஓட்டுநர் பாபு. "போட்டுத் தொலைங்க, ஊருக்குப் புதுசா வந்தவங்க" என்றேன். பின் சீட்டில் ஹெல்கா. கடற்கரை உயிரினங்களைக் காப்பாற்றப் பல நாடுகள் சேர்ந்து போட்ட நிதியிலிருந்து வந்தவர். கொடுத்த பணம் மணலில் என்ன ஆயிற்று என்று பார்த்து, இனியும் தரலாமா என்று சொல்வது அவர் வேலை. அவருக்கும் குப்பத்து ஜனங்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்திய வாய். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

7:25. அடையாறு பாலம். சேற்றில் கொக்குகள் நின்றன. ஹெல்கா வண்டியை நிறுத்தச் சொன்னார். பாலத்தின்மேல் நிறுத்தினால் போலீஸ் பிடிக்கும் என்று பாபு காதில் வாங்கவில்லை.

பாலம் தாண்டி இட்லி, காபி. மூன்று பேருக்கு இருநூற்றுப் பத்து ரூபாய், காபி மட்டும் ஆறிப்போயிருந்தது. தான் பார்க்க வந்தது அடப்பங்கொடியை என்று ஹெல்கா அங்கேதான் சொன்னார். கடற்கரை மணலில் படர்ந்து ஊதாப் பூ பூக்குமே, அதேதான். அலையும் காற்றும் மணலை வாரிக்கொண்டு போகாமல் பிடித்து வைக்கும். நண்டு, ஓணான் எல்லாம் அதற்குள்தான் குடியிருக்கும். குப்பத்துப் பெண்கள் நான்கு பேர் அதை நட்டு, மாடு மேயாமல் காவல் காக்கிறார்கள். அவர்கள் கூலியும் இந்த நிதியிலிருந்துதான்.

8:40. பாலவாக்கம் தாண்டி ஒரு மீனவர் குப்பம், பெயர் வேண்டாம். தெரு முனையில் பேனர். அதில் ஹெல்காவின் படம், எங்கிருந்து பிடித்தார்களோ, கூப்பிய கைகளோடு. இரண்டு பக்கமும் வாழைமரம். கரையில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், சுண்ணாம்புக் கோடு. குப்பத்துத் தலைவர் எத்திராஜ் மாலையோடு வந்தார்.

"கொடி எங்கே?" என்று ஹெல்கா கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"நேத்து சாயந்திரமே ஜேசிபி உட்டு மொத்தமா வாரிட்டோம் டீச்சர். வெளிநாட்டம்மா வர்ற எடம் பளிச்சுனு இருக்க வேணாமா?"

அவர் பார்க்க வந்ததே அந்தக் கொடியைத்தான் என்று சொன்னேன். எத்திராஜின் முகம் செத்துப்போயிற்று. அந்த நான்கு பெண்களும் நேற்று மீன் விற்கப் போயிருந்தார்களாம். திரும்பி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவர்களில் மூத்தவள் தேவகி. பந்தல் கால் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எத்திராஜ் என் காதோரம் வந்தார். "அலை அட்ச்சிகினு போயிட்ச்சின்னு சொல்லிடுங்க டீச்சர். நம்புவாங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கடல் கொண்டுபோனது என்றால் நிதிக்காரர்கள் கூடுதலாகவே தருவார்கள். வாயையும் திறந்துவிட்டேன்.

"வேணாம் டீச்சர்" என்றாள் தேவகி. "இன்னா தலைவரே, கடலம்மா மேல பழி போடச் சொல்ற? விடிஞ்சா எம் புள்ள அது மேலதான் போவணும்."

எத்திராஜ் மாலையை நாற்காலியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நடந்ததை நடந்தபடியே இங்கிலீஷில் சொன்னேன்.

ஹெல்கா சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய் வெறும் மணலைக் காலால் கிளறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பாதுகாக்க இங்கே ஒன்றும் இல்லையே. இல்லாததற்கு நான் எப்படிப் பணம் கேட்பது? மறுபடி படரட்டும், அப்போது பார்க்கலாம்." அதையும் நான்தான் தேவகியிடம் சொல்ல வேண்டியிருந்தது. கூலி நின்றுபோயிற்று என்று அவளுக்குப் புரிந்தது. "சரி" என்றாள். ஜேசிபி வாரிப் போட்ட குவியலுக்குப் போய், உயிர் இருந்த தண்டுகளை உருவ ஆரம்பித்தாள். வாரிப் போட்டவர் ஒருவர், கூலி போனது இவளுக்கு.

10:30. திருவான்மியூர் சிக்னல். ஹெல்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாபு கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.

"அலைன்னே சொல்லியிருக்கலாம் டீச்சர். துட்டாவது வந்திருக்கும். கடல் இன்னா, கோர்ட்டுக்கா வரப்போவுது?"

சிரிப்பு வந்தது. பாபுவின் பையன் ஸ்கூலில் இருக்கிறான். என் மகன் பெருங்குடியில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் கடலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.