கார் தொட்டதா என்று கேட்டார்கள்

மாப்பிள்ளை விழுந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதுவே எனக்குத் தொல்லையாகப் போயிற்று.

அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் என்கிற ஊரில் மகள் வீட்டில் இருந்தபோது நடந்தது. வெயில் தாழ்ந்ததும் தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டு வருவது என் வழக்கம். அன்றும் முனையில் நின்றிருந்தேன். மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்தார். இந்தியன் கடையில் சின்ன வெங்காயம் வாங்கி, ஊரில் செய்கிற மாதிரியே துணிப்பையை ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தார். பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் அவரை உரசுகிறாற்போல முந்தியது. காரின் பக்கக் கண்ணாடி பையின் காதில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தது. ஹேண்டில்பார் திரும்பி, வண்டி சரிந்து, அவர் கால் அதற்கடியில் போய்விட்டது. காது அறுந்து வெங்காயம் ரோடெல்லாம் உருண்டது. கார் நிற்காமல் போய்விட்டது.

யாரோ போன் செய்து ஆம்புலன்ஸும் போலீஸும் வந்தன. போலீஸ்காரர் என்னிடம் என்னவோ கேட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. கார் நம்பர் கேட்டிருப்பார். ஐந்தாவதோடு நின்ற படிப்பு, இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஓடாது.

கால் எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். இன்னொரு ஆபரேஷன் பாக்கி என்றார்கள். மாப்பிள்ளைக்குக் கான்ட்ராக்ட் வேலை. போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. வீட்டுக் கடனை நினைத்து மகளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள்தான் அடுப்படியில் எனக்கு விளக்கிச் சொன்னாள்.

"இடிச்சவன் ஓடிட்டாலும் சரி, அவன்கிட்ட இன்சூரன்ஸே இல்லாட்டியும் சரி, நம்ம இன்சூரன்ஸ் குடுக்கும்மா. பைக் ஓட்டறவங்களுக்கு அது ரொம்ப முக்கியம்னு அவர்தான் அந்தக் கவரேஜைச் சேர்த்தாரு."

"அப்பறம் என்ன கண்ணு?"

"ஓடினவன் யாருன்னே தெரியலையே. அப்படின்னா அந்தக் கார் நம்மளைத் தொட்டிருக்கணுமாம். கிட்ட வந்துச்சு, பயந்து விழுந்துட்டேன்னு சொன்னா குடுக்க மாட்டாங்களாம். பைக்ல ஒரு கீறல்கூட அந்தக் கார் போட்ட மாதிரி இல்ல. இவருக்கு விழுந்தது மட்டும்தான் ஞாபகம். நீதான் விட்னஸ். உன்கிட்ட போன்ல கேப்பாங்க."

கண்ணாடி பையில் மாட்டியதைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"ஹேண்டில்லயா பையை மாட்டியிருந்தாரு? ஐயோ, அதை மூச்சு விடாதே! தப்பு முழுக்க இவர் மேலேயே வந்துடும். கார் பைக்கை இடிச்சுது. அவ்வளவுதான் நீ பாத்தது. இவர்கிட்டயும் சொல்லாதே, இவர் நேரா அவங்ககிட்டயே உளறிடுவாரு."

அவரிடம் சொல்ல எனக்கு வழியும் இல்லை. எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று பேசுவதில்லை. அவர் ஹாலில் படுத்திருந்தால் நான் அடுப்படியை விட்டு வரமாட்டேன். காப்பிகூட மகள் கையால்தான் போகும்.

தோசை ஊற்றும்போதெல்லாம் ஒத்திகை நடந்தது.

"கார் எங்க இடிச்சுது?"

"ஹேண்டில்ல."

"எந்தப் பக்கம்?"

"பீச்சாங்கைப் பக்கம்."

"அம்மா! லெஃப்ட்னு சொல்லும்மா. எல்லாம் ரெக்கார்ட் ஆகும்."

சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாய் சொல்லிற்று. கண்ணுக்குள் அந்தப் பைதான் ஆடிற்று.

அந்த நாளும் வந்தது. மகள் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடை மேல் வைத்தாள். மாப்பிள்ளை ஹாலில் சோபாவில், தலையணை மேல் காலை நீட்டியபடி இருந்தார். முதலில் இன்சூரன்ஸ்காரர் ஆண்குரலில் என்னவோ சொன்னார். பிறகு ஒரு பெண் தமிழில் பேசினாள்.

"வணக்கம்மா. அவர் கேக்கறதை அப்படியே உங்ககிட்ட சொல்லுவேன். நீங்க சொல்றதை அப்படியே அவர்கிட்ட சொல்லுவேன். இது ரெக்கார்ட் ஆகுது, சம்மதமா?"

"ஆகட்டுங்க."

"இன்னும் கொஞ்சம் சத்தமா பேசுங்கம்மா."

"அத்தை பேசினா பக்கத்துல இருக்கற ஃப்ரிட்ஜுக்கே கேக்காது," என்றார் மாப்பிள்ளை ஹாலிலிருந்து. மகள் ஷ் என்று அதட்டினாள்.

எங்கே நின்றேன், வெளிச்சம் இருந்ததா, கார் என்ன நிறம் என்றெல்லாம் கேட்டார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள் என்றார்கள். "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கற தூரமுங்க," என்றேன். அந்தப் பெண் அதை இங்கிலீஷில் சொல்லச் சற்றே தயங்கினாள்.

"காரோட எந்த இடம் பட்டுச்சு?"

"கண்ணாடிங்க. பக்கத்துல நீட்டிட்டு இருக்குமே, அது."

"அது பைக்ல எங்க பட்டுச்சு?"

மகள் இரண்டு கைகளையும் ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு இடது முஷ்டியை ஆட்டிக் காட்டினாள். ஒரு வார்த்தைதான். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நான் பொய்யே சொல்லாதவள் இல்லை. பசியை வைத்துக்கொண்டு சாப்பிட்டாயிற்று என்று எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள். இவர்கள் கேட்பார்கள். இடித்திருந்தால் ஏன் நெளியவில்லை, ஏன் கீறவில்லை என்பார்கள். அப்போது நான் என்ன சொல்வேன்? நான் திணறினால், உண்மையாகவே விழுந்த மனுஷனையும் பொய்யன் என்றல்லவா எழுதிவிடுவார்கள்?

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? பக்கத்துல யாராவது இருந்தா உங்களுக்குச் சொல்லித்தரக் கூடாதுன்னு சொல்றார்."

மகளின் கை அந்தரத்தில் நின்றது.

"பைக்ல படலீங்க," என்றேன்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். ஹாலில் சோபா கிறீச்சிட்டது.

"அப்போ கார் தொடவே இல்லைங்கறீங்களா?"

"பைக்கைத் தொடலீங்க. பையைத் தொட்டுச்சு. வெங்காயப் பை ஹேண்டில்ல தொங்கிட்டு இருந்துச்சுங்க. கண்ணாடி பையோட காதுல மாட்டி இழுத்துச்சு. அந்த இழுப்புலதான் ஹேண்டில் திரும்பிச்சு. அவரு விழுந்தாரு. நான் கண்ணால பாத்தனுங்க."

அந்தப்பக்கம் டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கேள்வி வந்தது.

"அது யாரோட பை?"

எதற்கு இதைக் கேட்கிறார்கள்? எந்தப் பதில் எங்களைக் காப்பாற்றும், எது கவிழ்க்கும் என்று தெரியவில்லை. மகளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளையோடதுங்க. வீட்டுக்குத்தான் வாங்கிட்டு வந்தாரு."

நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத்தான் வாயே வராதே. இன்னிக்குன்னு எங்கிருந்தும்மா வந்துச்சு? அவ்வளவுதான், எல்லாம் போச்சு."

"பையா மாட்டிச்சு?" என்று ஹாலிலிருந்து மாப்பிள்ளை குரல் வந்தது. "நான்தான் பேலன்ஸ் விட்டுட்டேன்னு இத்தனை நாள் நினைச்சுட்டுக் கிடக்கேன்."

மகள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பின் அந்த வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்தான் பேச்சாக இருந்தது. போன் அடித்தால் மகள் ஓடுவாள். பேசிவிட்டு என்னிடம் எதுவும் சொல்லமாட்டாள். ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அதைக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் இன்சூரன்ஸ்காரர் கூப்பிட்டார். மாப்பிள்ளையே பேசினார். நான் அரிசி களைந்த தண்ணீரில் கையை வைத்தபடி நின்றேன். அவர் வைத்ததும் மகள் கேட்டாள், "என்ன சொல்றான்?"

"தொட்டதாத்தான் கணக்காம். ஆளைத் தொட்டாலும் சரி, ஆளோட பொருளைத் தொட்டாலும் சரியாம். பை என்னோடதுதானே. குடுக்கறாங்க. ஆபரேஷனுக்கும் ஆகும், வேலைக்குப் போகாததுக்கும் ஆகும்."

மகள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா கொஞ்சம் கழிச்சுக்குவாங்களாம்," என்றார் அவர். "ஹேண்டில்ல பை மாட்டினது என் தப்புன்னு."

மகளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஏம்மா, அவர் கையில பிடிச்சிருந்தாருன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"பையைக் கையில பிடிச்சா பைக்கை யாரு பிடிப்பா?" என்றார் மாப்பிள்ளை.

அவள் சிரித்துவிட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. நான் அரிசியை உலையில் போட்டேன். அவர்கள் கழித்துக்கொண்டது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. அதை மட்டும் நான் வெளியே சொல்லவில்லை.