மணல் நிரப்பிய மூன்று கால்கள்

தெருவில் எல்லோருக்கும் அவர் டங்கண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டு வரி ரசீதில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. எல்லாம் அவருடைய இரும்புப் பட்டடைக்கல் செய்த வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பை அதன்மேல் வைத்து அவர் சுத்தியலை இறக்கினால், ‘டங்’ என்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பும். கீழே பட்டறை, மேலே வீடு. ஆக, ஒவ்வொரு டங்கும் முதலில் போய் விழுவது அவர் மனைவியின் காதில்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த அம்மாள் ஒரே பல்லவியைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். “ஏங்க, அந்தக் கல்லை எங்கயாவது கடாசிட்டு வாங்க. என் மண்டையிலயே அடிக்கிற மாதிரி இருக்கு.”

டங்கண்ணன் வீட்டுக்கு ஜன்னல் கம்பி செய்தார், கேட் செய்தார், அவளுக்கென்றே மடக்குக் கட்டில் செய்தார். எதைக் காட்டினாலும் “ம்” என்பாள். மிஞ்சிப் போனால், “பெயின்ட் அடிக்கலையா?” ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “நல்லா இருக்கு” என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்று மனுஷன் ஏங்கிப் போயிருந்தார். வெளியே சொல்ல வெட்கம்.

கல் உட்கார்ந்திருந்த மரக்கட்டை ஒரு நாள் நடுவில் பிளந்துகொண்டது. டங்கண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்துக் கடைத் தையற்காரரைக் கூப்பிட்டார்.

“முழுக்க இரும்பிலயே ஸ்டாண்டு போடப் போறேன். மூணு கால். நாலு கால்னா இந்தத் தரையில ஆடும். குழாய்க்குள்ள மணலைக் கொட்டி மூடிட்டா சத்தத்தை அப்படியே முழுங்கிடும். மேல சொல்லிடாதீங்க.”

“சத்தம் நின்னா எனக்கும் கோடு நேரா விழும்,” என்றார் தையற்காரர். அவர் தைத்த சட்டையில் காலர் ஒரு பக்கம் ஏறியிருந்தால் அதற்கும் டங்கண்ணன்தான் காரணம். அவர் கணக்கு அப்படி.

சதுரக் குழாயை அறுத்து, சற்றே அகட்டி நிறுத்தி, விரல் தடிமன் தகட்டை மேலே வைத்துப் பற்றவைத்தார். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. மணலுக்குத்தான் மூளை குறுக்கே ஓடியது. படிக்கட்டில் மனைவி வைத்திருந்த மூன்று பூந்தொட்டிகளிலிருந்து கைக்கு வந்ததை அள்ளிவிட்டார். அவள் காலையில்தான் தண்ணீர் ஊற்றியிருந்தாள் என்பது உறைக்கவில்லை.

ஈர மணல் அடைத்த குழாயின் வாயில் மூடியை வைத்துப் பற்றவைத்தால் உள்ளே ஆவி கட்டிக்கொள்ளும். வெடிக்காமல் விட்டது அவருடைய நல்ல நேரம். பற்றவைத்ததில் விட்டுப்போன ஊசித் துளை வழியாக முதல் கால் ‘உய்ய்ய்’ என்று விசில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கால். அப்புறம் மூன்றாவது.

மேலே அவள் கர்மசிரத்தையாக மூன்று விசில் எண்ணி அடுப்பை அணைத்தாள்.

“குக்கருக்கு என்னமோ ஆயிடுச்சுங்க,” என்றாள் சாப்பிடும்போது. “மூணு விசில் வந்துச்சு, கிழங்கு கல்லு மாதிரி இருக்கு.”

டங்கண்ணன் கறுக் முறுக்கென்று மென்றார். பழுதில்லாத குக்கரைப் பழுது பார்க்கவும் எடுத்துப் போனார்.

மறுநாள் காலை, ஆவி போன துளைகளை அடைத்து, தையற்காரரும் அவருமாக முக்கி முனகிக் கல்லைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து முடுக்கினார்கள். மலை மாதிரி நின்றது. அடித்தார். ‘தொப்.’ மெத்தையில் கை வைத்த மாதிரி. டங்கண்ணனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவாள்! தையற்காரரை அனுப்பிவிட்டு மும்முரமாக வேலை பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து, உள்ளுக்குள்ளேயாவது கொஞ்சம் சத்தம் மிச்சம் இருக்கிறதா என்று கல்லின்மேல் காதை வைத்து, கண்ணை மூடிக் கவிழ்ந்து கேட்டார்.

படியில் தடதடவென்று காலடி. அடுத்த நொடி ஒரு குடம் தண்ணீர் அவர் தலையில்.

“ஐயோ, என்னங்க! கண்ணைத் திறங்க!”

திறந்தார். எதிரே மனைவி. செருப்புகூடப் போடவில்லை, கையில் காலிக் குடம்.

“எனக்கு ஒண்ணும் இல்லடி. சத்தம் வராத ஸ்டாண்டு. உனக்காகத்தான் செஞ்சேன்.”

அவள் அப்படியே கரி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். “காலையில இருந்து ஒரு டங்கும் இல்ல. அது கேட்டாத்தானே நீங்க கீழ நல்லா இருக்கீங்கன்னு நான் பாட்டுக்கு இருப்பேன்? இது தெரியாதா உங்களுக்கு?”

அவருக்கு நிஜமாகவே தெரியாது. இருபத்திரண்டு வருஷமும் அவளுக்குக் காது வலிக்கிறது என்றே நினைத்திருந்தார்.

மத்தியானமே கல்லை இறக்கினார்கள். கோடு நேராக விழுந்து அரை நாள்கூட ஆகவில்லை என்று தையற்காரர் புலம்பிக்கொண்டே பிடித்தார். ஒரு காலின் மூடியை அறுத்து மணலைத் தொட்டிக்கே திருப்பிக் கொட்டினார் டங்கண்ணன். அதைப் பார்த்து, “அப்ப தொட்டியைத் தோண்டினது பூனை இல்லையா?” என்றாள் அவள். குக்கர் கதையும் அதோடு வெளியே வந்தது. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

கல் மறுபடி ஏறியது. அடித்தார். பழைய டங் இல்லை. கொஞ்சம் தொண்டை கட்டிய ‘டொங்’.

மேலே ஜன்னல் திறந்தது. “இப்ப நல்லா இருக்கு!”

டங்கண்ணன் சுத்தியலோடு வாசலுக்கு ஓடினார். “என்ன சொன்னே? காதுல விழல!”

“வேலையைப் பாருங்கன்னு சொன்னேன்.”

அன்று சாயங்காலம் வரைக்கும் இரும்பே வைக்காமல் வெறும் கல்லை அடித்துக்கொண்டிருந்தார்.