மறைக்கத் தெரியாத விற்பனையாளர்

ஆரணியில் நாங்கள் பட்டு எடுக்கும் கடையில் ஒரு விற்பனையாளர் இருந்தார். நெற்றி நிறைய விபூதி, கசங்காத வெள்ளைச் சட்டை. புடவையைத் தன் தோளிலேயே போட்டு முந்தானையை விரித்துக் காட்டுவார். எதை எடுத்தாலும், "உங்களுக்குன்னே நெய்ஞ்சதுங்க" என்பார்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த புதிதில் அவருக்குச் சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. தேறி வந்தபோது நடை தள்ளாடியது. நாக்குக்கு இருந்த பிரேக்கும் போயிருந்தது. சிறுமூளை கைகாலை மட்டுமல்ல, பேச்சையும் அளவோடு வைக்கும் என்று வேலூர் டாக்டர் சொன்னாராம். வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி இதைச் சொல்லி, முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுவார்.

அதன்பின் நாங்கள் போனபோது, என் மனைவி மாம்பழ நிறத்தில் ஒரு புடவையை எடுத்தாள்.

"வேணாங்க. ரெண்டு வருசமா போகாம கெடக்குது. முதலாளி தங்கச்சியே வேணான்னுட்டாங்க."

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்த குடும்பமோ எழுந்து வந்து இந்த விற்பனையாளர் எதிரில் உட்கார்ந்துகொண்டது.

அடுத்து அரக்கு நிறத்தைத் தோளில் வைத்துக் காட்டினாள் மனைவி.

"பிரமாதம்" என்றேன்.

"எங்க சார் பாத்தீங்க? வந்ததுலருந்து பேப்பர் படிச்சிகினு கீறீங்க."

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் முகம் மட்டும் வெளிறிவிட்டது.

"தப்பா பேசிட்டனா சார்? வாய வுட்டு வெளிய வந்தப்புறந்தான் எனக்கே கேக்குது."

"சேச்சே, நான் ஒன்னும் நெனைக்கல."

"பொய்" என்றவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்றும் மனைவி புதுப்புடவையில் வந்து நின்றால், பேப்பரை மடித்து வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.