பூந்தோட்டத்தில் ஒரு ரப்பர் மரம்

நான் தெப்ரா தோட்டத்தில் ரப்பர் மரப் பட்டையை வெட்டிப் பால் எடுக்கிறவள். போன தீபாவளி விடுமுறையில், உள்ளே போகக் காசு கேட்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டுக்காரரோடு ஜொகூர் பாரு பூந்தோட்டத்துக்குப் போனேன்.

பூக்களுக்கு நடுவே, காட்சிக்காக ஒரு ரப்பர் மரத்தின் பட்டையையும் வெட்டிப் பால் வடியவிட்டிருந்தார்கள். வெட்டுக் கோட்டில் பால் காய்ந்திருந்தது. என் கை, தோட்டத்தில் தினமும் செய்கிற பழக்கதோஷத்தில் அதை உருவி, உருட்டி, மடியில் கட்டிக்கொண்டது.

“நில்லும்மா” என்று காவல்காரர் ஓடிவந்தார். போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவாரோ என்று உருண்டையை நீட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். “ரப்பர் தோட்டத்து ஆளுங்க எல்லாரும் இதையேதான் செய்றீங்க. மத்தவங்க பாக்கவும் கொஞ்சம் பால விட்டு வைங்கம்மா.”

இப்போதும் அங்கே போகிறோம். அந்த மரத்தை நெருங்கியதும் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். மரத்தைத் தாண்டி வெகுதூரம் போன பிறகும் விடுவதில்லை. நானும் ஞாபகப்படுத்துவதில்லை.